நிழல் சரிவில் ஒரு வளைவு

என் இடது முழங்காலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அதை அறுத்து எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்குமாக ஒன்றை அந்த இடத்தில் பொருத்தப் போகிறார்கள். "நடக்கலாம். சைக்கிள் ஓட்டலாம். மலைகூட ஏறலாம்," என்றார் டாக்டர். "மண்டி போடுறத மட்டும் மறந்துடுங்க."

நான் டைல்ஸ் போடுகிறவள். இருபத்தேழு வருடமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் மண்டி போட்டுத்தான் சாப்பிட்டேன். டாக்டரிடம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எனக்காக என்று நான் ஒரு தடவைகூட மண்டி போட்டதில்லை. சர்ச்சுக்குப் போகிற பழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது, அப்பா தொழிற்சங்கக்காரர்.

அன்று சாயங்காலமே போர்க்னிக்குப் போன் போட்டேன். அவளும் நானும் ஜோடியாக டைல்ஸ் போட ஆரம்பித்து இருபது வருடம்.

"எனக்கு அந்தத் திருப்பத்தக் கத்துக்குடு."

"எந்தத் திருப்பம்?"

"பனிச்சறுக்குல, ஸ்கீ மேல மண்டி போட்டுத் திரும்புவேன்னு சொல்லுவியே, அது."

"இருபது வருஷமா வா வான்னு கூப்பிட்டேன். வரல. இப்ப முட்டி போகப்போகுதுன்னதும் வரியா?"

"ஆமா."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலியா?"

"கெட்டுப்போன முட்டி. இனிமே கெடுறதுக்கு அதுல என்ன இருக்கு?"

"சரி, ஈஸ்டருக்கு முன்னால பெரிய வியாழன் அன்னிக்கு மலைக்கு வா. அண்ணன் ஸ்டைனாரோட ஸ்கீ இருக்கு. பூட்ஸ் பெருசா இருக்கும், ரெண்டு சாக்ஸ் போட்டுக்க."

உலகம் முழுக்க அந்தத் திருப்பத்துக்கு எங்கள் மாவட்டத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். டெலிமார்க் திருப்பம். டெலிமார்க்கில் பிறந்து டெலிமார்க்கிலேயே கிடந்த எனக்கு அது தெரியாது. ஸ்கீ தெரியும், நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். ஆனால் எங்களுடையது நேர்கோட்டு ஸ்கீ. ஏற்றத்தில் ஏறுவோம். இறக்கத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு நேராக வருவோம். வேகம் தாங்காவிட்டால் பின்புறத்தைப் பனியில் வைத்து உட்கார்ந்துவிடுவோம். அழகாகத் திரும்புவதெல்லாம் மலைமேல் மரவீடு வைத்திருந்தவர்கள் பாடு.

என் ஈஸ்டர் வேறு மாதிரி. அந்த வாரம் ஊரே மலைக்குப் போய்விடும். வீடுகள் காலியாகக் கிடக்கும். ஒருவர் வீட்டுக் குளியலறையை உடைத்துப் போட அதைவிட நல்ல வாரம் கிடையாது. புதன்கிழமை மதியம் போர்க்னி கரணையைக் கழுவி வைத்துவிட்டு மலைக்குக் கிளம்புவாள். மிச்சமிருக்கிற மூலைகளை நான் உட்கார்ந்து முடிப்பேன். அடுத்த வருஷம் வரேன் என்பேன். அப்படியே வருடங்கள் போயின.

வியாழன் காலை எட்டரைக்கு நான் மேலே போர்க்னியின் மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் காப்பிக் குண்டானோடு நின்றிருந்தாள். நாற்பத்தெட்டு வயது, ஆள் கட்டை, தோள் அகலம். அவளுடைய அண்ணன் ஸ்டைனார் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெற்குச் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து கொலைக்கதை படித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டருக்கு ஆளுக்கொரு கொலைக்கதை இல்லாமல் யாரும் மலை ஏறுவதில்லை. ஸ்டைனார் உரத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவன். நெஞ்சு முழுக்க மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"துரீத் வந்துட்டாளா? கொலைகாரன் யாருன்னு எனக்கு எழுபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு," என்றான் என்னைப் பார்த்து.

"யாரு?"

"படகுத்துறைக்காரன்."

"போன வருஷமும் படகுத்துறைக்காரன்னுதான் சொன்ன," என்றாள் போர்க்னி. பிறகு என்னிடம் திரும்பினாள். "இன்னிக்கு ஒரே ஒரு சட்டம். வேலைப் பேச்சு கூடாது. யாரு வாயத் தொறந்து வேலையப் பத்திப் பேசுறாளோ, அவ இன்னிக்குக் கக்கூஸ் வாளியச் சுமக்கணும்."

"சம்மதம்."

"எங்கிட்டயும் கேளு," என்றான் ஸ்டைனார்.

"நீ என்னிக்கு வேலையப் பத்திப் பேசியிருக்க? வேலை பாத்தாத்தானே பேசுறதுக்கு."

அந்தச் சட்டம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. மே மாதத்திலிருந்து என் இடத்தில் அவளோடு வேலை செய்ய போலந்துக்காரர் ஒருவர் வரப்போகிறார். முதலாளி சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி நன்றாக உறைந்திருந்தது. தடியால் குத்தினால் பனி டங்கென்றது. போர்க்னி மரவீட்டின் பக்கத்தில், நாய்க்குட்டிகூட உருளாத ஒரு சரிவில் என்னை நிறுத்தினாள்.

"பூட்ஸ ஸ்கீயோட மாட்டுற கட்டு முன்விரல்ல மட்டும்தான் இருக்கு, பாரு. குதிகால் சும்மா கிடக்குது. இப்ப ஒரு காலை முன்னால தள்ளு. பின்காலோட குதிகால் தானா எழும்பும். அந்த முட்டிய இறக்கு. பலகையத் தொடாத. தொடப்போற மாதிரி போயி, நில்லு."

செய்தேன்.

"வலப்பக்கம் திரும்பணும்னா இடது ஸ்கீ முன்னால, வலது முட்டி கீழ. இடப்பக்கம் திரும்பணும்னா மாத்தி. இடது முட்டி கீழ. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விழுறது."

வலப்பக்கம் ஆறாவது தடவையிலேயே வந்துவிட்டது. வலது முட்டி இறங்கியது, ஸ்கீ இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு ஒரே பலகை மாதிரி ஆனது, அந்தப் பலகை என்னைச் சுற்றிக் கொண்டுபோய் மலையைப் பார்த்து நிறுத்தியது. எனக்கே நம்பிக்கையில்லை. திரும்பிப் பார்த்தேன். பனியில் ஒரு கீறல், வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது.

இடப்பக்கம் வரவில்லை. இடது முட்டி பாதி தூரம் இறங்கும். அங்கே ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். உடம்பு தானாக நிமிரும். நிமிர்ந்த மறுநொடி நான் பனியில் கிடப்பேன். வலி இல்லை, காலையிலேயே இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். நிறுத்தியது வேறு ஏதோ.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எந்திரிக்கிற?"

"நான் எந்திரிக்கல. அதுவா எந்திரிக்குது."

சுவரோரத்திலிருந்து ஸ்டைனார் கூப்பிட்டான். "உன் வண்டிக்கு ஸ்டியரிங் ஒரு பக்கம்தான் வேலை செய்யுது போல."

"நீ படகுத்துறைக்காரனப் பாரு."

"அவன் இல்ல. அவன் பொண்டாட்டி."

பத்து மணிக்குள் இருபது தடவை விழுந்திருப்பேன். விழுந்த இடம் எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. போர்க்னி ஸ்கீயைக் கழற்றிப் பனியில் குத்தி வைத்தாள். "போதும். இந்தப் பனியில வராது. மேல்பனி ஓடு மாதிரி இறுகிக் கிடக்கு, இன்னும் விடல. பதினொன்னரைக்கு மேல அந்த ஓடு ஒரு விரல் அளவு கரையும், அடியில கெட்டியா இருக்கும். ரவை மாதிரி. அதுல திரும்பாதவ எதுலயும் திரும்ப மாட்டா. ஒரு மணி நேரந்தான் இருக்கும், அதுக்கப்புறம் கஞ்சி. அது வரைக்கும் குழியில படு."

குழியை அவள் முதல் நாளே தோண்டி வைத்திருந்தாள். தெற்கைப் பார்த்து, முதுகுக்குச் சுவர் விட்டு, இரண்டு பேர் கால் நீட்டுகிற அளவு. அடியில் கலைமான் தோல் விரித்திருந்தது. உள்ளே இறங்கிப் படுத்தால் காற்று தலைக்கு மேலேயே போய்விடும். வெயில் மட்டும் உள்ளே வரும்.

எங்கள் ஊர் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் மார்ச் நடுவில்தான் திரும்பி வரும். நடுவில் மலைமேல் கண்ணாடி வைத்து ஊர்ச் சதுக்கத்துக்கு ஒரு துண்டு வெயிலை இறக்குகிறார்கள், அதில் போய் நின்றுவிட்டு வருவோம். அதனால் உண்மையான வெயிலைக் கண்டால் எங்களுக்குப் புத்தி வேலை செய்யாது. பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

போர்க்னி ஆரஞ்சுப் பழத்தை உரித்தாள். தோலைக் குழியின் விளிம்பில் வரிசையாக வைத்தாள், வெள்ளைப் பக்கம் மேலே. சுளையை என் கையில் வைத்தபோது அது சில்லென்றும் வெதுவெதுப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எங்கேயோ ஒரு தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மேலே பாறைகளுக்கு நடுவில் வெள்ளைக் கௌதாரி ஒன்று, மரத்தில் ஆணி கழற்றுவது மாதிரிக் கரகரத்தது. அப்புறம் அதுவும் ஓய்ந்தது.

"புதன்கிழமை யாரு கூட்டிட்டுப் போறா?" என்றாள் போர்க்னி, கண்ணைத் திறக்காமல்.

"பஸ்ல போறேன்."

"நான் வரேன்."

"உனக்கு அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அன்றைக்கு வேலை. வாளி நினைவுக்கு வந்தது.

"நல்ல வேளை," என்று சிரித்தாள்.

இமையை மூடினால் உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறம். பனியின் வெளிச்சம் கீழேயிருந்தும் வந்தது, தாடைக்கு அடியில், மூக்குத் துளைக்குள் எல்லாம். உடம்பிலிருந்து குளிர்காலம் ஒவ்வொரு எலும்பாகக் கழன்று கலைமான் தோலுக்குள் இறங்கியது. முதலில் தோள். பிறகு இடுப்பு. கடைசியாக முட்டி. எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

தூக்கத்தில் ஒரு தரை வந்தது. வெள்ளைத் தரை. சுவர் கிடையாது, கதவு கிடையாது, தண்ணீர்க் குழாய்க்கு வெட்ட வேண்டிய ஓட்டை கிடையாது. ஒரு ஜாயின்ட் கோடுகூட இல்லை. யாரோ வானத்தின் விளிம்பு வரைக்கும் ஒரே டைலாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கேயிருந்து தொடங்கினார்கள் என்று நான் தேடிக்கொண்டு போனேன். மூலையிலிருந்துதானே தொடங்க முடியும்? மூலையே இல்லை. நடந்தேன், நடந்தேன். தரை மெதுவாக மூச்சு விட்டது. நான் மிதித்த இடம் இறங்கி, பிறகு எழும்பியது. அளவுகோலைத் தேடிப் பையில் கைவிட்டேன். பையில் ஆரஞ்சுத் தோல் இருந்தது. அதுவே போதும் என்று தோன்றியது.

முகத்தில் நிழல் விழுந்து விழித்தேன். ஸ்டைனார் குழி விளிம்பில் நின்றிருந்தான். நெஞ்சு நண்டு மாதிரி சிவந்திருந்தது.

"சாசேஜ் சுடவா வேண்டாமா? ஒன்னே முக்கால் ஆச்சு."

போர்க்னி எழுந்து உட்கார்ந்தாள். கையை நீட்டிக் குழிச் சுவரைத் தொட்டாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. சுவர் சத்தமில்லாமல் அவள் மடியில் சரிந்தது.

"ஏன்டா எழுப்பல?"

"எப்பிடி எழுப்புறது? ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரித் தூங்கினீங்க. நானும் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

அவசரமாகச் சரிவுக்குப் போனோம். சாசேஜை ஸ்டைனாரே தின்னட்டும் என்று விட்டுவிட்டோம். காலையில் கல்லாக இருந்த பனி இப்போது முழங்கால் வரை கஞ்சி. இரண்டு அடி சறுக்கினேன், ஸ்கீயின் முனைகள் உள்ளே புதைந்தன, நான் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து மறுபடி போனேன். காலையில் வந்த வலப்பக்கத் திருப்பமும் இப்போது வரவில்லை. கால் இழுத்தால் ஸ்கீ வரவில்லை, ஸ்கீ வந்தால் நான் வரவில்லை. நாலாவது தடவை விழுந்தபோது இடது முட்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. மாத்திரையையும் மீறிக்கொண்டு வலி மேலே வந்து பல் வரைக்கும் ஏறியது. அப்படியே கிடந்தேன்.

போர்க்னி பக்கத்தில் வந்து நின்றாள். "தப்பு என்னோடது," என்றாள். "உனக்கு ஒரு நாள் இருந்துச்சு. அதுல ஒரு மணி நேரம் இருந்துச்சு. அதத் தூங்கித் தொலைச்சேன்."

"நானுந்தானே தூங்கினேன்."

"நீ விருந்தாளி. எனக்குப் பனி தெரியும். தெரிஞ்சும் படுத்தேன்."

அவள் அழுகிற ஆள் இல்லை. ஒரு தடவை கட்டைவிரலில் டைல் கட்டர் இறங்கியபோதுகூட, "அந்தத் துணிய எடு," என்று மட்டும் சொன்னவள். இப்போது தடியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே நின்றாள், அதற்குள் எதையோ போட்டுவிட்டவள் மாதிரி.

"நாளைக்கு?" என்றாள்.

"இன்னிக்கு ராத்திரிலருந்து மழைன்னு சொல்லிருக்கான். அதுவும் இல்லாம, இந்த முட்டி நாளைக்கு வீங்கிக் கிடக்கும்."

"ஆமா."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. வாழ்க்கையில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. கலவை சரியாக இருக்கும்போது ஆள் இருக்க மாட்டான், ஆள் வரும்போது கலவை இறுகிப்போயிருக்கும்.

காலையிலிருந்து மூன்று காப்பி குடித்திருந்தேன். மரவீட்டில் கக்கூஸ் இருந்தது, ஆனால் அங்கே போக ஸ்டைனாரைத் தாண்ட வேண்டும், அவன் வாயைத் தாண்ட வேண்டும். அதனால் ஸ்கீயைக் கழற்றாமலே மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வடமேற்குப் பக்கம். ஈஸ்டருக்கு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அங்கே வெயில் கிடையாது. ஆறு மாதம் நிழலில் கிடந்துவிட்டு மலைக்கு வருகிறவன் நிழலைத் தேடிப் போவானா? ஒரு தடம்கூட இல்லை அங்கே. பனி நீலமாக இருந்தது. வெயில் மேட்டின் முதுகைத் தாண்டி அப்போதுதான் அதன் மேல் படுக்கைவாட்டத்தில் வழியத் தொடங்கியிருந்தது, விரித்த துணியில் எண்ணெய் ஊறுகிற மாதிரி மெதுவாக.

வேலையை முடித்துவிட்டு நிமிரும்போது தடியை ஊன்றினேன். அது ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. எடுத்து இன்னொரு இடத்தில் ஊன்றினேன். ஒரு விரல். குனிந்து கையால் அள்ளினேன். மணி மணியாக, ஈரமாக விரலிடுக்கில் உருண்டது. அதற்கு அடியில் கெட்டி.

"போர்க்னி."

"என்னடி?"

"இங்க வா."

"நீ ஒண்ணுக்குப் போற இடத்துக்கு நான் எதுக்கு?"

"வாடி. ரவை."

அவள் வந்தாள். பார்த்தாள். தடியைக் குத்தினாள், ஐந்து இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி. மேலே நிமிர்ந்து தொங்கு பனி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, மொட்டைப் பாறைதான். சரிவு கீழே எதுவரைக்கும் போகிறது என்று பார்த்தாள். அது மெல்ல இறங்கிப் புதர் போன்ற பிர்ச் மரங்களுக்குள் அடங்கியது.

"முப்பத்தஞ்சு வருஷமா இங்க வரேன்," என்றாள். "இந்தப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல."

மேட்டு உச்சியில் ஸ்டைனாரின் தலை தெரிந்தது. கையில் பாதி சாசேஜ். "நிழல்லயா? நாம கீழ ஆறு மாசம் கிடந்தது பத்தலையா?"

"நீ போய் வெந்துட்டு இரு," என்றாள் போர்க்னி.

அவள் முதலில் இறங்கினாள். அதை நான் இருபது வருடமாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டை உடம்பு, கலவை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற உடம்பு, இப்போது எடையே இல்லாமல் இறங்கி எழுந்தது. ஒரு முட்டி, மறு முட்டி. ஒரு முட்டி, மறு முட்டி. அவளுக்குப் பின்னால் ஈரப் பனி சின்னச் சின்ன அலையாக எழும்பி விழுந்தது. சர்ர் என்ற சத்தம் மட்டும். பட்டுத் துணியை யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. கீழே போய் நின்று, கையைத் தூக்கினாள்.

நான் கிளம்பினேன். முதலில் வலப்பக்கம். வந்தது. இடப்பக்கத்துக்கு மாற்றினேன், முட்டி பாதியில் நின்றது, நிமிர்ந்தேன், விழுந்தேன். எழுந்தேன். வலப்பக்கம். இடப்பக்கம், விழுந்தேன். சரிவில் பாதி போய்விட்டது. மிச்சம் ஒரு நாற்பது மீட்டர் இருக்கும். அதற்கு மேல் புதர். திரும்ப ஏறி வர இந்த முட்டிக்குத் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பனியில் உட்கார்ந்தபடியே என் கால்களைப் பார்த்தேன். விழுந்த வாக்கில் வலது கால் முன்னால் மடங்கி, பாதம் ஊன்றி இருந்தது. இடது கால் பின்னால், முட்டி பனியில். இந்தக் கோலத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ என்ன, தினமும் பார்த்திருக்கிறேன். வலது கையில் கரணை பிடிக்கிறவள் நான். வலது பாதத்தை முன்னால் ஊன்றி, இடது முட்டியைத் தரையில் குத்தி, இருபத்தேழு வருடம். இந்த முட்டிக்குக் கீழே போவது என்றால் ஒன்றுதான் தெரியும்: போனால் அடியில் சிமெண்ட் இருக்கும். அதனால்தான் பாதியிலேயே பயந்து எழுந்துகொள்கிறது. அதன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. உதைத்து வளர்த்த குதிரை கையைத் தூக்கினாலே ஒதுங்குமே, அந்த மாதிரி.

எழுந்தேன்.

ஸ்கீயை நேராகத் திருப்பி விட்டேன். வேகம் வந்தது. வலது காலை முன்னால் தள்ளினேன். இடது முட்டியை இறக்கினேன். பாதி வந்தது. அந்த இடம் வந்தது. தரை வரப்போகிறது என்று முட்டி காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

தரை வரவில்லை.

முட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் குதிகால் எழும்பியது. எனக்குக் கீழே இருந்த எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது, அந்த நகர்தலின் மேல் நான் மண்டியிட்டிருந்தேன். மலை மெதுவாக என்னைச் சுற்றி வந்தது. முதலில் புதர், பிறகு பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கின் அடியில் எங்கள் ஊர், நிழலும் வெயிலும் பாதிப் பாதியாக, பிறகு எதிர்மலை, பிறகு வானம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று நொடி இருக்கலாம். பனி முட்டியை உரசிக்கொண்டே போனது, தாங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. காலையில் குழிக்குள் கண்ட தரை இதுதான் என்று தோன்றியது. மூலை இல்லாத தரை.

பிறகு ஸ்கீ மலையைப் பார்த்து நின்றது. நானும் நின்றேன். விழவில்லை.

அப்புறம் வலித்தது. சாதாரண வலி இல்லை, உள்ளே யாரோ கண்ணாடியை மிதித்த மாதிரி. தடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். போர்க்னி பக்கவாட்டில் படிப்படியாக ஏறி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள்.

"இன்னொன்னு?"

"முடியாது."

"சரி."

மேட்டு உச்சியில் ஸ்டைனார் இன்னும் நின்றிருந்தான். புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு தடவை ஆட்டிவிட்டு மறைந்தான்.

நாங்கள் இருவரும் திரும்பி மேலே பார்த்தோம். போர்க்னியின் தடம் ஒரே சீராக, பின்னல் மாதிரி இறங்கி வந்திருந்தது. என்னுடையது: வலப்பக்க வளைவு, குழி, வலப்பக்க வளைவு, பெரிய குழி. கடைசியில் ஒன்று மட்டும் இடப்பக்கமாக, நீளமாக, முடிகிற இடம் வரை உடையாமல். வெயில் அதன் விளிம்பைத் தொட்டிருந்தது. உள்பக்கம் நீலம்.

போர்க்னி ஸ்கீயைக் கழற்றினாள். அந்த வளைவின் கடைசியில் போய்ப் பனியில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைப் பனியோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, வளைவை நீளவாக்கில் பார்த்தாள். ஒவ்வொரு தரையை முடித்தபிறகும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். ரசமட்டத்தைவிட அவள் கண் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நிறைய நேரம் பார்த்தாள்.

"நடுவுல ரெண்டு மில்லி வெளிய போயிருக்கு," என்றாள்.

"எந்த இடத்துல?"

"முட்டி இறங்கின இடத்துல."

"உடைச்சுட்டு மறுபடி போடவா?"

அவள் எழுந்திருக்கவில்லை. முகம் பனியிலேயே இருந்தது. தோள் மட்டும் ஒரு தடவை அசைந்தது. "வேண்டாம்," என்றாள், குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "இருக்கட்டும். வீட்டுக்காரங்க பாக்க மாட்டாங்க."

வெயில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி என் பூட்ஸைத் தொட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தப் பக்கமும் கஞ்சியாகிவிடும். வளைவு மழுங்கும், ராத்திரி மழை மிச்சத்தைக் கழுவும்.

"வாளி உனக்கு," என்றேன்.

"நீயுந்தான் பேசுன. உடைச்சுப் போடவான்னு கேட்டியே."

"நீதானே ஆரம்பிச்ச."

"அப்ப ஆளுக்கொரு பக்கம்," என்று எழுந்து பனியைத் தட்டினாள். "நீ வலப்பக்கம் பிடி. இடது கால ஊன்றாத."

கலவைத் தொட்டியையும் நாங்கள் அப்படித்தான் தூக்குவோம். இருபது வருடமாக நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்கும் வாளி தூக்க வேண்டும்.

சொன்னேன்.